பூவைத் தொடாத கால்

குற்றவாளி நான்தான்.

பியூலா அல்ல. அவளுடைய பென்டிரைவும் அல்ல. வாலாஜாபாத்தில் அவள் போய் உட்கார்ந்த அந்த இன்டர்நெட் சென்டரும் அல்ல. எங்கள் பட்டுக்கடையின் கல்யாணச் சேலை டிசைனை வெளியே விட்டவள் நான். என் வீட்டிலிருந்து, என் கையால், சந்தனமும் குங்குமமும் வைத்து வெளியே விட்டேன்!

இதை நான்கு வருடங்களாக மறைத்து வைத்திருக்கிறேன். என் கணவருக்கு மட்டும் தெரியும். இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்த வசதிதான் காரணம். தயவுசெய்து இதற்குத் தைரியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

நான் அழுதுகொண்டே எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம். பற்றிக்கொண்டு வருகிறது! என்மேல், என் முதலாளிமேல், அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர்மேல்... ஏன், கொஞ்சம் உங்கள்மேலும். எதற்கு உங்கள்மேல் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

என் பெயர் கலா. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்தில் தறி போட்ட வீடு. கணவர் நெய்கிறார். அவருக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பது ஒரு கடை. அதே கடைக்குத்தான் நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். கரையிலும் முந்தானையிலும் நீங்கள் பார்க்கும் மயிலும் யானையும் முதலில் கட்டம் கட்டமாகத் திரையில்தான் பிறக்கின்றன. நான் வரைந்து அனுப்புவேன். பியூலா அதை வாங்கித் தறிக்குப் புரியும் கோப்பாக மாற்றிக் கடைக்கு அனுப்புவாள். இருவர் கைபட்டுத்தான் ஒரு டிசைன் தறிக்குப் போகும்.

ஊரடங்கு வந்தபோது முதலாளி எங்களுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஊரடங்கு போன பிறகும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையை இடித்து, கண்ணாடி போட்டு, ஏ.சி. வைத்து மணப்பெண்களுக்கான ஷோரூம் ஆக்கிவிட்டிருந்தார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு யானைக்குத் தும்பிக்கை போடலாம் அல்லவா?

சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்து விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். லேப்டாப்பை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. பென்டிரைவ் செருகக்கூடாது. வெளியிடத்து இணையத்தில் கோப்பு அனுப்பக்கூடாது. ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும், அந்த ஏற்பாட்டை மாற்றக்கூடாது. இன்னும் ஏழெட்டு இருந்தன. "வீட்ல தனி ரூம்ல கதவை மூடிக்கிட்டு வேலை பண்ணுங்க," என்றார். எங்கள் வீட்டைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். கூடம் முழுக்கத் தறி. மீதி இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். வாசற்கதவைப் பகலில் சாத்தினால், உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. சென்னைக் குடும்பம். பெண்ணுக்கு அப்பா இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு வருடமும் அவளுடைய பள்ளி நோட்டுப் புத்தகங்களின் மேலட்டையில் ஓர் அன்னம் வரைந்து கொடுப்பாராம். அல்லிப்பூவின் மேல் நிற்கும் அன்னம், அலகில் ஒரு மொட்டு. அந்த அட்டைகளில் ஒன்றைக் கிழியாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள் அந்தப் பெண். அதுதான் கரை முழுக்க ஓட வேண்டும். "இது என் பொண்ணுக்கு மட்டும்தான். வேற யார் மேலயும் நான் இதைப் பார்க்கக் கூடாது," என்றார் அவளுடைய அம்மா. முதலாளி அம்மன் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

நான் மூன்று வாரம் அந்த அன்னத்தோடு கிடந்தேன். அந்த அப்பா பேனாவால் இழுத்த கோடு. கழுத்து வளைவில் ஒரு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தைக் கூடக் கட்டத்தில் கொண்டு வந்தேன். என் வாழ்நாளில் நான் போட்ட டிசைன்களில் அதுதான் நல்லது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது... பெருமைதான் என்னைக் கெடுத்தது.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் வெறும் தறிக்குப் பூசை போடுவதில்லை. பாவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பாதி நெய்த சேலை தறியில் இருக்க வேண்டும், அதன் மேல்தான் சந்தனம். வேலை இருக்கிற தறிக்குத்தான் சாமி வரும் என்பது என் மாமனார் காலத்துப் பழக்கம். லேப்டாப்பும் இப்போது ஆயுதம்தானே? அதைத் துடைத்து, மூடி, தறிப்பலகையின் மேல் வைத்தேன். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூடி வெச்சா அது இன்னா, வெறும் பொட்டிதான? தொறந்து வையி. நீ போட்ட அன்னம் தெரியட்டும். தறில வேலை இருக்குது, இதுல மட்டும் வேலை இருக்க வாணாமா?"

எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்! திறந்தேன். அன்னத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக எண்ணிவிடலாம், அத்தனை பெரிதாக. பூசை நடுவில் திரை இருண்டுவிட்டால் அபசகுனம் என்று, ஐந்து நிமிடப் பூட்டையும் எடுத்துவிட்டேன். தெரியாமல் செய்யவில்லை. கையெழுத்துப் போட்ட விதி ஞாபகத்தில் இருந்தது. ஞாபகத்தோடு செய்தேன்.

சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி, கற்பூரம். பொரி கடலை. கணவர் என் போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். நல்ல வெளிச்சம். தறி, மாலை, நடுவே பளபளவென்று என் அன்னம்... அப்படியே ஸ்டேட்டஸில் போட்டேன். 'எங்கள் வீட்டு ஆயுத பூஜை' என்று எழுதி, கும்பிடும் கை ஒன்றும் சேர்த்தேன்.

அன்று மாலைவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். சாயப்பட்டறைக்காரர் பார்த்தார். ஊர் ஊராகப் போகும் ஜரிகை ஏஜென்ட்கள் மூன்று பேர் பார்த்தார்கள். வேறு கடைகளுக்கு டிசைன் போடுபவர்கள், விசைத்தறிக்காரர்களுக்குப் புது மாதிரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர்... எல்லோரும் பார்த்தார்கள். "செம்ம கலாக்கா!" என்று இதயமெல்லாம் அனுப்பினார்கள். நான் பூரித்துப் போனேன். முட்டாள்!

மறுநாள் அந்தப் படம் ஸ்டேட்டஸிலிருந்து தானாகப் போய்விட்டது. ஒரு நாள்தானே அதன் ஆயுள்.

மறுபூசை முடிந்து லேப்டாப்பைக் கையில் எடுத்தபோதுதான் ஒரு பிழை கண்ணில் பட்டது. அன்னத்தின் இடது கால் பூவைத் தொடவில்லை. மூன்று கட்டம் குறைகிறது. பறவை பூவின் மேல் நிற்காமல் அந்தரத்தில் தொங்குகிறது. அந்தப் பெண்ணின் அப்பா வரைந்த படத்தில் கால் பூவில் அழுத்தமாக ஊன்றியிருக்கும். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று கட்டத்தையும் நிரப்பிப் பியூலாவுக்கு அனுப்பினேன்.

இந்த மூன்று கட்டத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

பியூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி முதுகு போனவர். இவள்தான் அந்த வீட்டில் முதன்முதலில் கம்ப்யூட்டர் படித்தவள். எங்கள் யாரையும்விட வேகமாக வேலை செய்வாள். ஆனால் அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. கோப்பு அனுப்ப வேண்டுமென்றால் மொட்டை மாடி இருக்கிற பக்கத்து வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

என் டிசைனை முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அக்கா, சுத்துதே சுத்துது, போவ மாட்டுது. முதலாளி வேற போன் மேல போன் போட்டுக்கினு இருக்காரு. பென்டிரைவ்ல எடுத்துக்கினு வாலாஜாபாத் போயி, சென்டர்லருந்து அனுப்பிடட்டாக்கா? தப்பாயிடுமா?"

"அனுப்புபா. யாரு வந்து பாக்கப் போறாங்க," என்றேன்.

ஆமாம். அதையும் நான்தான் சொன்னேன்.

கார்த்திகை முடிவதற்குள் கல்யாணப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்தார். போன் செய்யவில்லை, நேரே வந்தார். கையில் ஒரு சேலை. பட்டு மாதிரி மினுக்கும் விசைத்தறிச் சேலை. கரை முழுக்க அல்லி, அன்னம், அலகில் மொட்டு. அன்று டிசைன்காரர்கள் எல்லோரையும் லேப்டாப்போடு மாதாந்திரக் கூட்டத்துக்குக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார் முதலாளி. அதனால் நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம்.

"ஆறு கலர்ல தொங்குதுங்க! வேற ஒரு கடை வாசல்ல, பொம்மைக்குக் கட்டி விட்டிருக்காங்க! என் வீட்டுக்காரர் கையால வரைஞ்சதைக் கொண்டு போய் வித்துட்டீங்களே!"

அந்த அம்மா உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். தறியில் பாதி ஓடிக்கொண்டிருந்த சேலையைப் பெண் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அந்த நோட்டு அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதலாளி அந்தச் சேலையை மேசைமேல் விரித்துப் போட்டார். பக்கத்தில் எங்கள் டிசைனின் பிரதியை வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார், கோபச் சிரிப்பு.

"திருட்டுப் பய! அன்னத்துக்குக் காலு கூட ஒழுங்காப் போடத் தெரியல பாரு. அந்தரத்துல தொங்குது."

எட்டிப் பார்த்தேன்.

இடது கால். மூன்று கட்டம் குறைகிறது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தப் பிழையோடு அந்த அன்னம் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. என் லேப்டாப் திரையில், ஆயுத பூஜை அன்று. பியூலாவுக்கு நான் அனுப்பியது கால் ஊன்றிய அன்னம். அவளுடைய பென்டிரைவிலிருந்து யாராவது திருடியிருந்தால் அந்தக் கால் பூவைத் தொட்டிருக்கும்! என் ஸ்டேட்டஸ் படத்தைப் பெரிதாக்கி, கட்டம் எண்ணி, என் தவறையும் சேர்த்து எவனோ நகலெடுத்திருக்கிறான்.

இதை அறிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

கம்ப்யூட்டர்காரரை அன்று மதியமே சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். எங்கள் லேப்டாப்களை அங்கேயே வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "சார், பியூலா மேடம் லேப்டாப்ல பென்டிரைவ் போட்டிருக்காங்க. இந்த ஃபைல்தான் காப்பி ஆயிருக்கு," என்றார்.

பியூலா எழுந்து நின்றாள். "ஆமா சார். சிக்னல் இல்ல. வாலாஜாபாத்ல ஒரு சென்டர்லருந்துதான் அனுப்பினேன். அனுப்பிட்டு அழிச்சிட்டேன் சார்."

எவ்வளவு நேராகச் சொன்னாள்! மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. மறைக்கத் தெரிந்தவள் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

கம்ப்யூட்டர்காரர் நேர்மையான மனிதர். இன்னொன்றும் சொன்னார். "கலா மேடம் லேப்டாப்லயும் ஒரு நாள் ஸ்கிரீன் லாக் ஆஃப் பண்ணியிருக்காங்க சார்."

இதோ, இதோ... இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். முதலாளி தேதியைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கையை வீசினார்.

"அது ஆயுத பூஜைப்பா. பூசையில வெச்சிருக்கும். நம்ம தெருப் பொண்ணு, அதப் போயி நோண்டிக்கினு... அத வுடு." பிறகு பியூலாவின் பக்கம் திரும்பினார். "எந்த ஊரும்மா நீ?"

மூன்று வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறவள். ஊர் தெரியாதா அவருக்கு? சொன்னாள்.

"அதான பாத்தேன். காலனியில எத்தினி கை மாறிச்சோ."

நீங்கள் அந்த மேசையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கொதித்து எழுந்திருப்பேன் என்று சொல்லாதீர்கள். அங்கே இருந்தவர்களும் நல்லவர்கள்தாம். படித்தவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பென்டிரைவ் தப்பு, ஒத்துக்கொண்டாள், கதை முடிந்தது! உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். பூசையில் வைத்த லேப்டாப்பை யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும்? உங்கள்மேல் கோபம் என்று சொன்னேனே, அது இதற்காகத்தான்.

பியூலா என்னைப் பார்த்தாள். ஒரு முறைதான். 'கலாக்காதான் அனுப்பச் சொன்னாங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். ஏன் நினைத்தாள்? யார் அவளிடம் அந்தப் பெருந்தன்மையைக் கேட்டது? அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால், கோபத்திலாவது நான் எதையாவது உளறியிருப்பேன்!

பாருங்கள், இதற்கும் அவள்மேல்தான் பழியைப் போடுகிறேன்.

லேப்டாப்பை அங்கேயே வைத்துக்கொண்டு அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். டிபன் பாக்ஸ், குடை, ஒரு சின்ன பைபிள். எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்னம் ஓடிய அந்தச் சேலையின் மேலேயே வைத்தாள். திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தறிக்குழியிலிருந்து எழவில்லை. கேட்டு முடிக்கும்வரை கையை மட்டும் நிறுத்தினார்.

"சொன்னா உன் வேலையும் போவும், எனக்குப் பாவு குடுக்கறதும் நின்னு போவும். ரெண்டு பேரும் எங்க போறது? அந்தப் பொண்ணு சின்ன வயசு, எங்கனா போயி பொழைச்சுக்கும். வுடு கலா."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் போய்ச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்லக்கூடியவர்கள் யாரிடமும் போகவில்லையே!

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதலாளி புது விதி போட்டார். இனி வீட்டிலிருந்து வேலை செய்வது 'நமக்குத் தெரிஞ்ச தெருக்காரங்களுக்கு மட்டும்'. திருப்பருத்திக்குன்றத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் வேலை பார்த்த பெண்கள் தினம் பஸ் பிடித்துக் கடைக்கு வர வேண்டும் என்றார். கைக்குழந்தை வைத்திருந்த இருவர் நின்றுவிட்டார்கள். பாதுகாப்பாம்! ஓட்டை என் வீட்டுப் பூசையில் இருக்க, பூட்டை அடுத்தவர் வீட்டில் போட்டார்கள். அந்த ஓட்டை எங்கே என்று சொல்லக்கூடியவள் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கினாள்.

அதோடு விட்டார்களா? தகவல் பாதுகாப்புக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கம்ப்யூட்டர்காரர் கேட்டாராம். முதலாளி என்னைக் காட்டினார். "கலா பொறுப்பான பொண்ணு." புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்தான் விதிகளைப் படித்துக் காட்டுகிறேன். பென்டிரைவ் விதி வரும்போது ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. 'நம்ம கடையிலேயே ஒரு பொண்ணு இருந்துச்சு...' என்று ஆரம்பிப்பேன். நான்கு வருடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சொல்லச் சொல்லக் கதை எனக்கு நன்றாக வருகிறது. எங்கே நிறுத்தினால் அவர்கள் முகம் மாறும் என்றுகூடத் தெரியும்.

பூசையைப் பற்றி மட்டும் ஒரு விதி சேர்க்க என்னால் முடியவில்லை. பலமுறை எழுதப் போனேன். 'பூசையின்போது லேப்டாப்பை மூடி வைக்கவும், படம் எடுக்கக் கூடாது.' ஒரே வரி. எழுதினால் ஏன் என்று கேட்பார்களே! யாருக்காவது அந்தத் தேதி ஞாபகம் வந்துவிட்டால்? எழுதவில்லை. ஓட்டை அப்படியே இருக்கிறது.

இந்த வருட ஆயுத பூஜை அன்று திவ்யா ஸ்டேட்டஸ் போட்டாள். போன மாசிதான் சேர்ந்த பெண், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தறி, சாமந்தி மாலை, கற்பூரத் தட்டு. நடுவே திறந்த லேப்டாப். திரை முழுக்க ஒரு மணப்பெண்ணின் முந்தானை. உடனே போன் செய்தேன்.

"திவ்யா, அந்த ஸ்டேட்டஸ எடுத்துடு. இப்பவே எடு."

"ஏங்க்கா? நல்லா இல்லியா?" பாவம், குரலில் பயம் வந்துவிட்டது. "நீங்க சொன்ன ரூல்ஸ்ல இது இல்லியேக்கா."

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பெண்ணிடம், போனில், முகம் பார்க்காமல். சொன்னது என்ன தெரியுமா?

"கண்ணு பட்டுடும்பா. நல்ல டிசைன் பாரு... எடுத்துடு."

"அச்சோ, ஆமாங்க்கா!" என்று சந்தோஷமாக அழித்துவிட்டாள். திருஷ்டி மேல் பழியைப் போட்டேன். இந்த முறை பழி போட மனிதர் கூடக் கிடைக்கவில்லை எனக்கு.

போனை வைத்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் பொரித் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பொரி கூடம் முழுக்கச் சிதறியது, தறிக்குழிக்குள்ளும் விழுந்தது. போதும் என்று தோன்றியது. பியூலாவிடமாவது போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, நான் அழிக்கவில்லை. பிழையோடு கூடிய அன்னம். அவள் வேலை தெரிந்தவள், ஒரு முறை காட்டினால் போதும், புரிந்துகொள்வாள். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாலும் செய்யட்டும். முதலாளியிடம் போகட்டும், ஊரைக் கூட்டட்டும், என் கன்னத்தில் அறையட்டும்!

விஜயதசமிக்கு அடுத்த நாள் பஸ் ஏறி வாலாஜாபாத் போனேன். அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

இருந்தாள். கொஞ்சம் கறுத்து, இளைத்திருந்தாள். ஒரு பெரியவருடைய ரேஷன் அட்டைப் படத்தை அவருடைய போனிலிருந்து வாங்கி அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்த பிறகு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "தோ பாருங்க ஐயா, உங்க ஃபைல அழிச்சிட்டேன். இதுல இருந்தும் அழிச்சிட்டேன். பாத்துக்குங்க, ஒண்ணும் இல்ல." பெரியவருக்கு எதுவும் புரியவில்லை, தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து வந்த பெண்ணுக்கும் அதையே செய்தாள். திரையைத் திருப்பிக் காட்டி, இரண்டு முறை அழித்து, பாத்துக்குங்கம்மா என்று...

யாரும் கேட்காமலே ஒவ்வொருவருக்கும் நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். "கலாக்கா! நல்லா இருக்கீங்களா? வாங்க, உக்காருங்க." ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். போனைக் கையில் எடுத்தேன். படத்தைத் திறந்து, அன்னத்தின் காலைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டேன். திரும்பி அவளிடம் நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, உங்கள எங்கனா பாத்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்த சென்டர்ல பென்டிரைவ சரியா அழிக்காம வுட்டுட்டனோ, இல்ல எவனாச்சும் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்தானோ... யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், இன்னி வரிக்கும் தெரியலக்கா. மூணு வாரம் கஷ்டப்பட்டு நீங்க போட்ட டிசைன். அந்தப் பொண்ணோட அப்பா வரைஞ்சது. என்னாலதான் எல்லாம் போச்சு." அவள் கண் நிறைந்துவிட்டது. "என்ன மன்னிச்சுடுங்கக்கா."

நான்கு வருடமாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்! முதலாளி சொன்னதை அவளே நம்பிவிட்டாள்!

போன் என் கையில் சுடுவது போலிருந்தது. திரையில் அந்தக் கால். ஜெராக்ஸ் எடுக்க இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "அக்கா?" என்றாள் பியூலா.

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"பரவாயில்லபா. விடு. மனசுல வெச்சுக்காத," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிர்க் கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.